ஓலை, புளியங்கொட்டை, பனங்காய்: வன்னி வீட்டில் பேரப்பிள்ளைகளோடு விடுமுறை

பள்ளிக்கூடம் விட்டு மூன்றாம் நாளே பிள்ளைகள் போனுக்குள் போய்விடுகிறார்கள் என்று குறைப்படாத அம்மம்மா இப்போது வன்னியில் இல்லை. போனைப் பறித்தால் மட்டும் போதாது, பறித்த கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். அது பேய்க்காட்டும் வேலையாகவும் இருக்கக் கூடாது. "நீ அங்கை இருந்து பார், நான் செய்யிறன்" என்றால் எந்தப் பிள்ளையும் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்காது. தான் உருட்டாவிட்டால் கூழுக்குள் உருண்டை இல்லை, தான் தேய்க்காவிட்டால் தாயக்கட்டை இல்லை என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் கீழே உள்ள ஒவ்வொன்றிலும் எது பெரியவரின் வேலை, எது சின்னவரின் வேலை என்று பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

வாங்க வேண்டிய சாமான் குறைவு. பெரும்பாலானவை வளவிலேயே கிடக்கும், அந்தந்தக் காலத்தில். நுங்கு இல்லாத மாதத்தில் நுங்கு வண்டில் கேட்டு அழுதால் ஒன்றும் செய்ய முடியாது. அதையும் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்.

தொடங்குமுன்

ஒரு பழைய சுளகு அல்லது தட்டு, மழுங்கிய நுனியுள்ள கத்தரிக்கோல், நூல்பந்து, ஒரு பிடி ஈர்க்கு, ஈரத்துணி. இவற்றை ஒரு பெட்டிக்குள் போட்டுத் திண்ணையில் வைத்துவிடுங்கள். முழங்கால் நோவுள்ள அப்பப்பா நிலத்தில் குந்த வேண்டாம். அவர் கதிரையில் இருக்க, பிள்ளை எதிரே வாங்கில் இருந்தால் இருவரின் கையும் ஒரே உயரத்துக்கு வரும். கத்தியும் அடுப்பும் எண்ணெயும் பெரியவரின் கையில் மட்டும்.

இன்னொன்றை வன்னியில் சொல்லாமல் விட முடியாது. தடி வெட்டவோ பாலைப்பழம் பொறுக்கவோ பற்றைப் பக்கம் போனால் பெரியவர் கூடவே போக வேண்டும். மண்டையோடு போட்ட சிவப்பு அறிவித்தல் பலகை இருக்கும் பக்கம் கால் வைக்கவே கூடாது. பழைய பங்கர்க் கிடங்கைக் கிண்டக் கூடாது. என்னவென்று தெரியாத இரும்புத் துண்டைக் கண்டால் தொடாமல், வந்த வழியாலேயே திரும்பி வந்து பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்ல வேண்டும். பயமுறுத்தாமல், வீதியைக் கடக்கப் பழக்குவதைப் போல இதையும் பழக்கிவிடுங்கள்.

புளியங்கொட்டைத் தாயம்

வெயிலுக்கு வெளியே போக முடியாத மத்தியானங்களுக்கு இதை விட நல்லது இல்லை. பாதி நேரம் கட்டை செய்வதிலேயே போய்விடும்.

ஒரே அளவான, பருத்த புளியங்கொட்டை நான்கு எடுங்கள். ஒவ்வொன்றையும் சீமெந்து நிலத்திலோ கருங்கல்லிலோ ஒரு பக்கமாகத் தேய்க்க வேண்டும். இது முழுக்கப் பிள்ளையின் வேலை. மண்ணிறத் தோல் போய் உள்வெள்ளை தட்டையாகத் தெரிந்தால் நிறுத்தலாம். விரலால் கொட்டையைத் தள்ளித் தேய்த்தால் நகம் போய்விடும், மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சுடும். சூடான கொட்டையைப் பக்கத்தில் இருக்கிறவரின் கையில் வைத்து அலற வைப்பது எங்கள் காலத்துக் குறும்பு. அம்மம்மாவே அதை ஒருக்கால் செய்து காட்டினால் அன்றைய பொழுது களைகட்டிவிடும்.

பெட்டி கீறுவதற்குக் கரித்துண்டு போதும். நீளம் ஐந்து, அகலம் ஐந்து, மொத்தம் 25 பெட்டி. நடுப்பெட்டிக்கும் நான்கு பக்கங்களின் நடுவில் உள்ள பெட்டிகளுக்கும் பெருக்கல் குறி போடுங்கள். அந்த இடத்தில் இருக்கும் காயை வெட்ட முடியாது. ஆளுக்கு நான்கு காய். ஒருவருக்கு வேப்பங்கொட்டை, மற்றவருக்குச் சிரட்டைத் துண்டு.

கொட்டைகளைக் கைக்குள் குலுக்கிப் போட்டு, எத்தனை வெள்ளை மேலே விழுந்தது என்று எண்ணுவதுதான் கணக்கு. ஒரு வெள்ளை தாயம், அதாவது ஒன்று. இரண்டு வெள்ளைக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, நான்கும் வெள்ளை என்றால் நான்கு. ஒன்றுமே வெள்ளை இல்லாமல் எல்லாம் கறுப்பாக விழுந்தால் எட்டு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். ஒன்று, நான்கு, எட்டு விழுந்தவருக்கு இன்னொரு முறை போட உரிமை உண்டு. தன் பக்க நடுப்பெட்டியில் இறங்கி, வெளிச்சுற்றை ஒரு பக்கமாகச் சுற்றி, உள்சுற்றை எதிர்ப்பக்கமாகச் சுற்றி, நடுப்பெட்டிக்குள் போனால் அந்தக் காய் பழம். எதிராளியின் காய் நிற்கும் பெட்டியில் போய் விழுந்தால் வெட்டு, வெட்டுப்பட்டது திரும்பவும் தாயம் போட்டுத்தான் இறங்க வேண்டும். ஒரு வெட்டாவது வெட்டாதவருக்கு உள்சுற்று இல்லை.

இந்த விதிகள் வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் வீட்டில் வேறு கணக்கு என்றால் அதுதான் சரி. ஆனால் விளையாட்டின் நடுவில் விதியை மாற்றக் கூடாது, அப்பப்பாவாக இருந்தாலும்! தோற்றுக்கொடுக்கவும் வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு, தனக்கு விட்டுக்கொடுத்தது உடனே விளங்கிவிடும்.

ஓலை வேலை

தென்னோலைப் பீப்பீயில் தொடங்குங்கள், உடனே சத்தம் வரும். பச்சைத் தென்னோலையில் ஒரு நீள ஓலையை எடுத்து ஈர்க்கை உரித்தால் இரண்டு நாடா கிடைக்கும். ஒன்றின் மெல்லிய முனையைப் பென்சில் பருமனுக்குச் சுருட்டி, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றில் பாதியை மூடும்படி சரித்துச் சுற்றிக்கொண்டு போங்கள். போகப் போக வாய் அகல வேண்டும். கடைசி முனையில் ஈர்க்குத் துண்டைக் குத்தி நிறுத்துங்கள். இனி ஒரு அங்குல ஓலைத்துண்டை இரண்டாக மடித்து, மடிப்பு உள்ளே போகும்படி ஒடுங்கிய முனைக்குள் செருகி, அந்த முனையை விரலால் நசித்துவிட்டு ஊத வேண்டும்.

"அம்மம்மா, எனக்குச் சத்தம் வருதில்லை."

"முனையை இன்னும் கொஞ்சம் நசி பிள்ளை. சொண்டை இறுக்கி ஊது."

முனை திறந்து கிடந்தால் வெறும் காற்றுத்தான் வரும், கூட நசித்தால் காற்றே போகாது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ சத்தம் இருக்கிறது. அதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும், பறித்து ஊதிக் காட்டாதீர்கள். மத்தியானம் நித்திரை கொள்கிறவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வேலையை வேறு நேரத்துக்கு வைத்துக்கொள்வது புத்தி.

பனையோலைத் தடுக்கு இதை விடப் பொறுமை கேட்கும். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சரி. நிழலில் உலர்ந்த குருத்தோலையை எடுத்து ஈர்க்கை நீக்கி, அரை அங்குல அகலத்தில், ஓர் அடி நீளத்தில் பன்னிரண்டு நாடா வாருங்கள். வார்வது பெரியவர். ஓலை விளிம்பு கையைக் கீறும் என்பதால் ஈரத்துணியால் இரு பக்கமும் ஒருக்கால் உருவிவிட்டுக் கொடுங்கள். அந்த ஈரமே ஓலை வெடிக்காமலும் பார்த்துக்கொள்ளும். ஆறு நாடாவைப் பக்கத்தில் பக்கத்தில் நெடுக்காக அடுக்கி, மேல் முனைகளின் மேல் ஒரு பலகைத் துண்டைப் பாரமாக வைக்க வேண்டும். ஏழாவது நாடாவைக் குறுக்கே ஒன்றன் மேல், அடுத்ததன் கீழ் என்று விட வேண்டும். எட்டாவது அதற்கு நேர் எதிராக, முதலில் கீழ், பிறகு மேல். ஒவ்வொரு வரிசையையும் விரலால் முந்தியதோடு நெருக்கித் தள்ளுங்கள். ஆறும் முடிந்ததும் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைப் பின்பக்கம் மடித்து, அருகிலுள்ள இழையின் கீழ் செருகினால் அவிழாது. விளக்கோ தண்ணீர்ச் செம்போ வைக்கத் தடுக்குத் தயார். நிறம் வேண்டுமென்றால் குறுக்கு நாடா ஆறையும் முன்னதாக மஞ்சள் தண்ணீரில் அவித்து உலர்த்துங்கள். பெட்டி இழைக்கத் தெரிந்த அப்பம்மாக்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், தடுக்கு சரியாக வந்த பிள்ளைதான் பிறகு பெட்டிக்கு வரும்.

நுங்கு வண்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரே அளவான, குடித்து முடித்த இரண்டு நுங்குக் கோம்பை. நடுவில் ஒரு நேரான தடியைக் குத்தி இரண்டையும் இணைக்க வேண்டும். பிள்ளையின் நெஞ்சளவு நீளமான கவர்த்தடி ஒன்றை வெட்டி, கவரை நடுத்தடியின் மேல் வைத்துத் தள்ள வேண்டியதுதான். கோம்பை காய்ந்து சுருங்கும் வரை ஓடும்.

ஆடிக்கூழும் பலாவிலைக் கரண்டியும்

ஆடிப்பிறப்பு ஜூலை நடுவில் வரும். அன்றைக்குத்தான் காய்ச்ச வேண்டும் என்று சட்டம் இல்லை, ஆனால் அன்றைக்குக் காய்ச்சினால் அயலுக்குக் கொடுத்தனுப்பும் வேலையும் பிள்ளைக்குக் கிடைக்கும்.

ஆறு பேருக்கு: வறுத்த அரிசிமா ஒரு கப், வறுத்துக் கோது நீக்கிய பயறு அரைக் கப், தேங்காய் ஒன்று, பனங்கட்டி கால் கிலோ, ஏலக்காய் நான்கைந்து, உப்பு ஒரு சிட்டிகை. பனங்கட்டி கிடைக்காவிட்டால் சர்க்கரை, ஆனால் மணம் ஒரு படி குறையும்.

முதலில் கரண்டி. பழுக்காத, அகலமான பலாவிலையைக் கழுவித் துடைத்து, காம்புப் பக்கத்து இரண்டு விளிம்பையும் ஒன்றன் மேல் ஒன்று மடித்தால் கூம்பு போல ஒரு குழி வரும். மடிப்பில் ஈர்க்குத் துண்டைக் குத்தி நிறுத்தினால் கரண்டி. ஆளுக்கு இரண்டு செய்யச் சொல்லுங்கள், ஒன்று எப்படியும் ஒழுகும்.

தேங்காய் உடைத்து, ஒரு சிறு பங்கைப் பல்லுப் பல்லாகச் சீவி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் துருவிப் பிழியுங்கள். முதற்பாலைத் தனியே வையுங்கள். இரண்டாம் மூன்றாம் பாலும் தண்ணீருமாக ஆறு கப் வர வேண்டும். அதில் ஒரு கப்பை எடுத்து ஆறவிட்டு, மிச்சத்தில் பயற்றைப் போட்டு அவியவிடுங்கள்.

பயறு அவியும் நேரத்தில் அரைக் கப் மாவுக்குச் சிறிது உப்பும் கொதிதண்ணீரும் விட்டுப் பெரியவர் அகப்பைக் காம்பால் கிளறிக் குழைக்க, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிள்ளை உருட்டத் தொடங்கலாம். சுண்டைக்காய் அளவு. உள்ளங்கையில் ஒரு துளி தேங்காயெண்ணெய் பூசினால் ஒட்டாது. சிலர் பாம்பு செய்வார்கள், சிலர் நட்சத்திரம். பரவாயில்லை, மெல்லியதாக இருந்தால் எல்லாம் வேகும்.

பயறு மெத்தென்று வந்ததும் உருண்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டிபட்டுவிடும். வெந்தது மேலே மிதக்கும். "இப்ப எத்தினை மிதக்குது?" என்று எண்ணுவதற்குப் பிள்ளையை அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிறுத்துங்கள். எடுத்து வைத்த பாலில் மிச்ச அரைக் கப் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் துழாவ வேண்டும். பனங்கட்டியைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடித்தே விடுங்கள், அடியில் மண் இருக்கும். தேங்காய்ச் சொட்டும் ஏலப்பொடியும் போட்டு, முதற்பாலை விட்டு ஒரு கொதி வரும்போதே இறக்கிவிடுங்கள்.

சலரோகம் உள்ள அம்மப்பாக்களுக்கு ஒரு சொல்: இனிப்புப் பதம் பார்க்கும் பொறுப்பைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும் நல்லது, அவருக்கும் பெரிய பதவி.

பனங்காய்ப் பணியாரம், பிறகு பாத்தி

ஆவணி, புரட்டாசியில் காலையில் பனைக்குக் கீழே போய்ப் பாருங்கள், மணமே இடத்தைக் காட்டும். விழுந்து வெடிக்காத பழமாக ஒன்று போதும். பனைக்குக் கீழே நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது.

பழத்தைக் கழுவி, தணலில் தோல் கருகும் வரை சுட்டெடுத்து ஆறவிட்டால் தோல் கையோடு வரும். விதைகளைப் பிரித்து, ஒரு அகன்ற சட்டியில் கால் கப் தண்ணீரோடு வைத்துத் தும்பைப் பிசைய வேண்டும். இது பிள்ளையின் வேலை, முழங்கை வரை மஞ்சளாகும், பழைய சட்டை போட்டுவிடுங்கள். களி தும்பிலிருந்து கழன்று சட்டிக்குள் சேரும். வெள்ளைத் துணியிலோ அரிதட்டிலோ வடித்தால் தும்பு நின்றுவிடும்.

இரண்டு கப் களிக்கு ஒரு கப் சீனி, சிறிது உப்பு. அடிப்பாரமான தாச்சியில் மெல்லிய நெருப்பில் துழாவிக் காய்ச்சுங்கள். களி கொதித்தால் தெறிக்கும், பட்டால் தோல் கழன்றுவிடும். இந்த நேரத்தில் பிள்ளை குசினிக்குள்ளேயே வேண்டாம். பச்சை மணமும் கைப்பும் போய்க் களி இறுகி வந்ததும் இறக்கி நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு மாப் போட்டால் பசைபோல் ஆகி, எண்ணெயைக் குடிக்கும். ஆறியபின் வறுத்து அரித்த கோதுமை மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். இரண்டு கப் வரை பிடிக்கும், ஆனால் கப்பை நம்பாதீர்கள். ஒவ்வொரு பழத்திலும் நீர்ப்பிடிப்பு வேறு. விரலால் எடுத்தால் சொட்டாமல், அதேநேரம் உருட்டினால் கையில் கொஞ்சம் ஒட்டும் பதம்தான் வேண்டும்.

மூன்று விரலால் சின்னதாகக் கிள்ளிக் காய்ந்த எண்ணெயில் விடுவது பெரியவர். நெருப்பு கூடினால் வெளியே கறுத்து உள்ளே மாவாக நிற்கும். கடும் மண்ணிறம் வந்ததும் வடித்தெடுங்கள். எடுத்த பணியாரங்களைக் கடதாசியில் பரப்பி எண்ணெய் ஒற்றுவதும், எத்தனை என்று எண்ணுவதும், எண்ணும்போது காணாமற் போவதற்குக் காரணம் சொல்வதும் சின்னவரின் பொறுப்பு. அடுத்த நாள் உருசி இன்னும் கூடும், அது வரை மிஞ்சினால்.

விதைகளை எறியாதீர்கள். மாரி மழைக்கு முன் வளவின் ஒரு மூலையில் மண்ணைக் கொத்தி இளக்கி, அரையடி உயரத்துக்குப் பாத்தி கட்டி, விதைகளை நெருக்கமாகப் பரப்பி மண்ணால் மூடிவிடுங்கள். ஒரு பழத்தில் இரண்டு மூன்று விதைதான் வரும், அயலில் பொறுக்கிச் சேர்த்தால் நல்ல பாத்தியாகும். பாத்திக்குப் பக்கத்தில் ஒரு தடி நட்டு, திகதியும் பிள்ளையின் பெயரும் எழுதிக் கட்டுங்கள். தை, மாசியில் கிழங்கு பிடுங்கலாம். கிழங்கை விட, வெட்டிய விதைக்குள் இருக்கும் பூரான் என்ற இனிப்புப் பருப்புக்குத்தான் அடிபாடு வரும். கிழங்கை உப்புப் போட்டு அவித்து, தும்பு இழுத்துத் தின்ன வேண்டும். மிஞ்சினால் கிழித்துக் காயவைத்தால் புழுக்கொடியல்.

எள்ளுருண்டை

நெருப்பு வேலை ஐந்து நிமிடம். ஒரு கப் எள்ளைக் கழுவி உலர்த்தி, வெடிக்கும் சத்தம் வரும் வரை வறுத்து ஆறவிட்டு, அரைக் கப் சர்க்கரையோடு உரலில் இடியுங்கள். எள்ளின் எண்ணெய் வெளியே வந்து மினுங்கத் தொடங்கினால் போதும், உருட்டினால் நிற்கும். பெரிய உலக்கை வேண்டாம், இஞ்சி இடிக்கும் சின்ன உரலே பிள்ளையின் கைக்கு அளவு.

பட்டம்

மாரி ஓய்ந்து வாடைக்காற்று நிலைக்கும் தை மாதம்தான் காலம். அறுப்பு முடிந்த வயல் வெளி வன்னியில் தாராளம். 24 அங்குல மூங்கில் சிராய் ஒன்று, 20 அங்குலத்தில் ஒன்று. நீளமானதன் மேலிருந்து ஆறு அங்குலத்தில் குறுக்குச் சிராயை வைத்து நூலால் பெருக்கல் போட்டுக் கட்டுங்கள். குறுக்குச் சிராயை விரலில் வைத்துத் தூக்கிப் பார்த்து இரண்டு பக்கப் பாரமும் சமமா என்று பிள்ளை சொல்ல வேண்டும். சமமில்லாவிட்டால் பாரப் பக்கத்தைச் சீவுங்கள். நான்கு முனையையும் சுற்றி நூல் இழுத்துக் கட்டி, மெல்லிய கடதாசியை ஒரு விரல் அகலம் கூட விட்டு வெட்டி, குழைந்த சோற்றைப் பிசைந்த பசையால் ஒட்டுங்கள். பட்டத்தில் ஏற்றும் நூலைப் பொருத்தும் முச்சையைக் கட்டுவது அப்பப்பா. அதில் மேல் நூல் கீழ் நூலை விடக் கொஞ்சம் கட்டையாக இருக்க வேண்டும். பழைய சீலைக் கிழிசலில் பத்தடி வால். பட்டம் சுழன்று குத்தினால் வாலைக் கூட்டுங்கள், எழும்ப மறுத்தால் குறையுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் ஏற்றக் கூடாது. சிக்கினால் அந்தப் பட்டத்தை மறந்துவிட வேண்டும்.

ஊர்ப்படம்

இதற்கு ஒரு பெரிய தாள், பென்சில், இரண்டு நிறப் பேனை. அம்மப்பா சின்ன வயதில் இருந்த ஊரைப் பேரப்பிள்ளை கீற வேண்டும். அம்மப்பா கையால் கீறக் கூடாது, வாயால் மட்டும் சொல்ல வேண்டும். முதலில் குளத்தைப் போடுங்கள், வன்னியில் மற்ற எல்லாம் குளத்தைப் பார்த்துத்தான் இருக்கும். பிறகு அணைக்கட்டு, வாய்க்கால், கோயில், பள்ளிக்கூடம், கிணறு, மாடு கட்டிய இடம், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வண்டில் கட்டிப் போன பாதை.

வீடு எரிந்ததையும் இடம்பெயர்ந்ததையும் நீங்களாக இழுத்து வைக்கவும் வேண்டாம், பிள்ளை கேட்டால் ஒளிக்கவும் வேண்டாம். கேட்ட அளவுக்குச் சொன்னால் போதும். கேள்வி நீங்கள் நினைக்காத பக்கத்திலிருந்து வரும். கிளிநொச்சிக்கு 1990இலிருந்து 2013 வரை யாழ்தேவி ரயில் வரவே இல்லை என்று சொன்னால், "அப்ப கொழும்புக்கு எப்பிடிப் போனனீங்கள்?" என்று தொடங்கி, சைக்கிள், பயண அனுமதிப் பாஸ், ஓமந்தைச் சோதனைச் சாவடி என்று ஒரு முழு மாலை போய்விடும். அந்தப் பதில்களைப் படத்தின் ஓரத்தில் பிள்ளையின் எழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

முடிந்த படத்தைப் போனில் எடுத்துக் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற சொந்தங்களுக்கு அனுப்புங்கள். கிணறு அந்தப் பக்கம் இல்லை, புளியமரம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் என்று இரவோடு இரவாகக் குரல்பதிவுகள் வந்து குவியும். அவற்றை இரண்டாவது நிறப் பேனையால் திருத்துங்கள். அழிக்க வேண்டாம். மாமா சொல்லும் கிணறு ஒன்று, அம்மப்பா சொல்லும் கிணறு ஒன்று என்று படத்தில் இரண்டுமே கிடக்கட்டும்.